லாரி என்று எழுதியவர்

பார்த்ததை நம்பாமல் பழகியதை நம்பிவிட்ட ஒருவர், அதற்குப் பிறகு எத்தனை வருடம் கண்ணை விழித்துக்கொண்டே இருந்தால் போதும்?

உப்பு லாரி ஒன்று வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்கிறது. தட்சணாமூர்த்தி கையிலிருந்த துடைப்பத்தைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிறார். அறுபத்து மூன்று வயது. வெறுங்கால். லாரி தாண்டிப் போவதற்குள் அதன் எண்ணைப் படித்து, நின்ற இடத்திலேயே பாக்கெட் நோட்டில் நேரத்தையும் எண்ணையும், வண்டி போன திசையையும் குறித்துக்கொள்கிறார். டிரைவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. "டேய், ஆர்.டி.ஓ. வர்றாருடா, பெல்ட்டப் போடு" என்று கிளீனர் தலையை நீட்டிக் கத்துகிறான். அவர் தலை நிமிராமல் எழுதுகிறார். எழுதி முடித்ததும் வண்டி கண்ணுக்கு மறையும்வரை நிற்கிறார், எழுதியது லாரிதான் என்று இன்னொரு முறை உறுதி செய்துகொள்வதுபோல.

இந்தக் குறிப்பை இப்போது யாரும் கேட்பதில்லை.

மரக்காணத்தில் உப்பளப் பாத்திகள் முடிந்து ரோடு தொடங்கும் இடத்தில், பத்துக்குப் பத்து அறை ஒன்று நிற்கிறது. உப்புக் காற்றில் கதவின் இரும்பு தோல் உரிந்து தொங்குகிறது. சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கட்டியது; பூமி அதிர்வதைப் பதிவு செய்யும் கருவி உள்ளே இருக்கிறது. அறையின் நடுவே ஒரு சிமெண்டுத் தூண். தரையோடு ஒட்டாமல் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஆழத்திலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். கருவி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாறை இல்லாத கடற்கரை மண்ணில், அதுவும் லாரி ஓடும் ரோட்டின் ஓரத்தில் இதை வைத்ததே தவறு என்று பிற்பாடு வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் யாரும் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. தட்சணாமூர்த்தியையும் அப்படித்தான். வாட்ச்மேனாகச் சேர்ந்தார், பத்து நாள் பயிற்சிக்குப் பிறகு தாள் மாற்றுகிறவராகவும் ஆனார், அங்கேயே இருந்துவிட்டார்.

அந்த வேலை அவர் உடம்பில் தங்கிவிட்டது. எங்கே போனாலும் பூனைபோல நடக்கிறார். பாத்திரத்தைக் கீழே வைத்தால் சத்தம் வராது. கல்யாண மண்டபத்தில் பிள்ளைகள் மேடையில் குதித்தால் முகம் சுளிக்கிறார். காரணம் கேட்டால், "நாம நடக்குறதுகூட அதுல உழும்ங்க. தும்முனா உழும்" என்கிறார். டீ வந்ததும் குடிக்க மாட்டார். கிளாஸைப் பெஞ்சில் வைத்து அதன் மேல்பரப்பைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

டீக்கடை சகாயராஜுக்கு அது தினசரி வேடிக்கை. "ஏம்பா பூகம்பம், இன்னிக்கி எத்தினி ரிக்டரு?"

"ஒம் பெஞ்சு மட்டும் ரெண்டு இருக்கும். காலுக்கு அடியில கல்லு வை."

"நீ வந்து ஒக்காந்தாதாம்பா அது ஆடுது. மத்தவனுக்கெல்லாம் ஒழுங்காத்தான் இருக்குது."

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். தட்சணாமூர்த்தியும் சிரிக்கிறார், உதடு மட்டும்.

கருவியைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். பள்ளிக்கூடங்களிலிருந்து யாராவது வந்தால் அவர்தான் விளக்குவார், படித்தவர்களைவிடத் தெளிவாகவே. "பஸ்ல நின்னுகினு போறோம். பஸ்ஸு சடார்னு கெளம்புனா நாம பின்னால சாயறோம்னு நெனைக்கிறோம் இல்ல? நெசத்துல நாம நின்ன எடத்துலயே நிக்கத்தான் பாக்குறோம், பஸ்ஸுதான் நம்மள உட்டுட்டு ஓடுது. அந்த மாதிரி இதுக்குள்ள ஒரு குண்டு தொங்குது. பூமி ஆடும்போது எல்லாம் சேந்து ஆடும், தூணு, செவுரு, நீங்க, நானு. குண்டு மட்டும் நின்ன எடத்துல நிக்கும். அது நிக்கிறதாலதான் மத்தது ஆடுனது தெரியுது. அந்த வித்தியாசத்த முள்ளு தாளுல கோடா இழுக்கும்."

தாள் ஓர் உருளையில் சுற்றியிருக்கும். உருளை இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்க, முள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோடுகள் போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குத் தாளை மாற்ற வேண்டும். நிலநடுக்கம் வந்தால் முதலில் ஒரு சின்ன ஆட்டம் விழும். வேகமாக ஓடிவரும் அலை அது. கொஞ்சம் கழித்துப் பெரிய ஆட்டம். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தை எண்ணினால் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று தெரியும். முள் எவ்வளவு உயரம் போனது என்பதையும் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பலம் தெரியும். "முள்ளு பத்து மடங்கு ஜாஸ்தி ஆடுனா நம்பர்ல ஒண்ணே ஒண்ணுதான் ஏறும். அஞ்சு, ஆறு ஆவும். ஆனா உள்ள கெளம்புன சக்தி முப்பது மடங்குக்கு மேல. ஆறுக்கும் ஏழுக்கும் ஒரு படிதானேன்னு நெனைக்காதீங்க."

இவ்வளவையும் அவர் அந்தப் பத்து நாள் பயிற்சியிலேயே கற்றுக்கொண்டார். 2004 டிசம்பருக்கு முன்னாலேயே அவருக்கு இது தெரியும். இந்த மனிதரைப் பற்றிய எந்தப் பேச்சும் இங்கேதான் வந்து முட்டுகிறது.

ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் முள் ஆடும். லாரியின் கோட்டுக்கு ஒரு வடிவம் உண்டு. மெல்லத் தடித்து, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்துவிடும். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களின் பக்கத்தில் பென்சிலால் "லாரி" என்று எழுதிவிட வேண்டும், சென்னையில் தாளைப் படிப்பவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை எழுதுவார். அந்த வருடம் செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலையில் முள் கொஞ்சம் நீளமாக ஆடியிருந்தது. பதறிப்போய் சென்னைக்குப் போன் போட்டு அதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார். தாள் போய்ச் சேர்ந்ததும் தெரிந்தது, இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்கின்றன. "லாரிக்கெல்லாம் போன் பண்ணுவியாய்யா?" என்று அதிகாரி கேட்டது எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. சகாயராஜ் "பூகம்பம்" என்று பெயர் வைத்தது அப்போதுதான்.

டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. தட்சணாமூர்த்தி ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவைத் திறந்தார். ஆறு முப்பத்து மூன்றில் ஒரு சின்ன நடுக்கம். மூன்றரை நிமிடம் கழித்து ஆரம்பித்த பெரிய ஆட்டம், மேலும் கீழும் பக்கத்துக் கோடுகளையெல்லாம் அழித்துக்கொண்டு தாளின் ஒரு பகுதியையே கருப்பாக்கியிருந்தது. முள் இரு பக்கமும் தடுப்பில் போய் இடித்து, அதற்குமேல் போக முடியாததால் கோடுகளின் உச்சியெல்லாம் வெட்டியதுபோல் தட்டையாக நின்றன. பலத்தை அளக்க வைத்த கருவி அன்று தன் எல்லையைத்தான் காட்டியது. உலகத்தின் மற்ற நிலையங்கள்கூட முதலில் எட்டு சொச்சம் என்றுதான் கூறின. ஒன்பது என்று ஒப்புக்கொள்ள நேரம் பிடித்தது.

அவர் அதைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். 6.33 என்று போட்டு, பக்கத்தில் "லாரி" என்று எழுதினார். கீழே கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி, அன்று வைக்கவில்லை.

அந்த நேரத்தில் தங்கை மங்கம்மாவின் கணவர் குப்புசாமி சைக்கிளில் வந்தார். தட்சணாமூர்த்தி தனியாள், தங்கை வீட்டிலிருந்துதான் சாப்பாடு. குப்புசாமி டிபன் பாக்ஸை வாசலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், உன் மிஷினு இப்டி கிறுக்கி வெச்சிருக்குது? எனக்குக்கூட படுத்திருக்கசொல்ல தரை அசைஞ்சாப்ல இருந்துச்சு."

"லாரி மாப்ள."

"ஞாயித்துக்கெழம ஏது மச்சான் லாரி?"

"லோடு இருந்திருக்கும். நீ போய் வேலையப் பாரு."

குப்புசாமி சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கரைக்குப் போய், படகின் நிழலில் உட்கார்ந்து வலை பிரிக்க ஆரம்பித்தார். எட்டே முக்கால், ஒன்பதுக்குக் கடல் வந்தது. உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

தட்சணாமூர்த்தி சரியாகப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. நிலம் ஆடினால் கடல் கிளம்பி வரும் என்று அன்று இந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. பயிற்சி கொடுத்தவர்களும் சொல்லித் தரவில்லை. சென்னைக்குப் போன் செய்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை யார் எடுத்திருப்பார்கள்? இந்த வாதம் முழுக்கச் சரி. அவரிடம் எப்போதாவது இதைச் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு, "இருக்கலாம்ங்க. ஆனா மாப்ள கேட்டாரு இல்ல" என்பார். விளைவை வைத்து ஒருவரை விடுவித்துவிடலாம்; கேட்ட கேள்விக்குக் கொடுத்த பதிலிலிருந்து எப்படி விடுவிப்பது? தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு. அந்த ஐந்து நிமிடத்தில் அவரிடம் இருந்தது இரண்டாவது. ஊர் மறுபடியும் சிரித்துவிடும் என்ற பயம் அதற்குப் பக்கத்தில் நின்றது. இதில் கொடூரம் எதுவும் இல்லை, நாம் எல்லோரும் செய்வதுதான். அதனாலேயே அது சின்னதாகிவிடாது.

மறுநாள் அந்தத் தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பதிவேட்டில் "தாள் நனைந்தது" என்று எழுதினார். ஓடை வழியாக உப்பளம்வரை கடல்நீர் ஏறியிருந்த நேரம் அது, யாரும் சந்தேகப்படவில்லை. தங்கையிடம், "அன்னிக்கி மிஷினு ஓடல" என்றார்.

இந்தப் பொய்தான் அதிக நாள் உழைத்தது. மங்கம்மா கருவாடு வியாபாரம் செய்து மகள் தமிழ்நிலாவைப் படிக்கவைத்தாள். மகள் இப்போது புதுச்சேரியில் வேலையில் இருக்கிறாள். அண்ணனுக்கு மதியச் சாப்பாடு ஒருநாளும் நின்றதில்லை. அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள்: "அன்னிக்கி மட்டும் அந்த மிஷினு ஓடியிருந்துச்சுன்னு வெச்சுக்க, எங்கண்ணன் கரைக்கு ஓடியாந்து கத்தியிருக்கும். இருந்த எல்லாரையும் கெளப்பியிருக்கும். எங்க நேரம், மிஷினு படுத்துக்கிச்சு." தட்சணாமூர்த்தி குழம்பை ஊற்றிப் பிசைவார். வேண்டாம் என்று சொல்லாமல் மறுசோறும் வாங்கிக்கொள்வார். மீனை மட்டும் தொடமாட்டார். முள் குத்துகிறது என்று ஒரு சாக்கு.

லாரியைக் கண்ணால் பார்க்காமல் லாரி என்று எழுதுவதை அன்றோடு நிறுத்தினார். நாலு வருடங்களுக்கு முன் உருளையை ஓரங்கட்டிவிட்டு ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். அது தானே பதிவு செய்து தானே சென்னைக்கு அனுப்பிவிடுகிறது. எது லாரி, எது நிலநடுக்கம் என்பதை அங்கே கம்ப்யூட்டர் பிரிக்கிறது. அவருக்கு இப்போதுள்ள வேலை, அறையைப் பெருக்குவதும் சோலார் தகட்டில் படியும் உப்பைத் துடைப்பதும்தான். ஆனாலும் ஓடுகிறார், குறிக்கிறார். பிராயச்சித்தம் என்று இதற்குப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் யாருக்கும் பயன்படாத ஒன்றைப் பிராயச்சித்தம் என்று சொல்ல முடியுமா என்பது சந்தேகம்.

அன்று பெட்டியைப் பொருத்த வந்த சிவசங்கரி என்ற இளம் விஞ்ஞானிதான் இந்த வருடம் மறுபடி வந்து பழைய உருளைக்கு ஒரு வழி செய்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓர் அறை ஒதுக்கி, கருவியையும் சில தாள்களையும் ஊர் மக்கள் பார்க்க வைப்பது என்று ஏற்பாடு. பதிவேட்டைப் புரட்டியவள் ஒரு வரியில் நின்றாள்.

"ஐயா, இருபத்தாறாம் தேதி தாள் நனைஞ்சதுன்னு இருக்கே. நனைஞ்சாலும் பரவாயில்ல, இருந்தா குடுங்க. அதுதான் முக்கியமே."

"பாக்கறேன் மேடம்" என்றார். பதினைந்து நாள் பார்த்தார். பிறகு ஒரு காலையில் சுருளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சொட்டு ஈரம் பட்ட அடையாளம் இல்லை. ஓரம் மட்டும் பழுத்திருந்தது. சிவசங்கரி விரித்துப் பார்த்தாள். கருப்புப் பகுதியைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த மூன்று எழுத்துக்களைப் பார்த்தாள். ல-வும் காலும் ரி-யும்.  அவர் நடந்ததைச் சொன்னார், குப்புசாமி வந்ததையும் சேர்த்து.

"பென்சில்தான்யா" என்றாள் கடைசியில். "அழிச்சிடலாம். கோடுதான் எங்களுக்கு வேணும். நீங்க தாளப் பாக்குறதுக்குள்ள கடல் வந்துடுச்சுன்னு ஆயிடும். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க." ரப்பரை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, அவளே வெளியே போய் உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பெண்.

அவர் அங்கே அழிக்கவில்லை. "நாளைக்கித் தர்றேன் மேடம்" என்று சுருட்டி எடுத்துக்கொண்டார்.

மதியம் தங்கை வீட்டுக்குப் போனவர் சோற்றுக்கு உட்காரவில்லை. சிமெண்டுத் தரையில் தாளை விரித்து, மூலைகளில் டம்ளர்களை வைத்தார். மங்கம்மா கருவாட்டுக் கூடையை நகர்த்திவிட்டு வந்தாள்.

"இன்னா ணா இது?"

"அன்னிக்கி மிஷினு ஓடுச்சு மங்கா. இதான் அந்தத் தாளு."

அவள் குனிந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கருப்பைப் படிக்க எழுத்து தேவையில்லை. "இவ்ளோ பெருசாவா காட்டுச்சு?"

"ஆமா."

"பக்கத்துல இன்னா எழுதியிருக்குது?"

தேதி என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னார். யார் எழுதியது, குப்புசாமி என்ன கேட்டார், தான் என்ன பதில் கொடுத்தார் எல்லாவற்றையும் சொன்னார், குரலை ஏற்றாமல் இறக்காமல். ஞாயிற்றுக்கிழமை ஏது லாரி என்று கேட்டதையும், தாளைப் பள்ளிக்கூடத்தில் வைக்கப்போகும் சிவசங்கரி ரப்பர் கொடுத்ததையும் விடவில்லை.

மங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இருவது வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "என் கையால துன்னுகினு..." என்று மறுபடி ஆரம்பித்தாள். அதையும் முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெளியே யாரோ கருவாடு விலை கேட்டார்கள். "அப்பால வா" என்று உள்ளே இருந்தே கத்தினாள்.

தாளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "அந்தப் பொண்ணு அழிக்கலாம்னு சொல்லிச்சா?" என்று கேட்டாள்.

"சொல்லிச்சு."

"அப்ப அழிச்சிடு. எனக்கு சொல்லிட்ட, எங்கிட்டயே இருக்கட்டும். நெலா வந்து பாக்கும். ஒன்னத் தவுர அதுக்கு வேற ஆம்பள தொண இல்ல ணா. அது கண்ணுல இது பட வேணாம். அழிச்சிடு."

தட்சணாமூர்த்தி சட்டைப்பையில் கை விட்டார். ரப்பர் அங்கேதான் இருந்தது. அவர் எடுத்தது மைப்பேனாவை. தாளின்மேல் குனிந்து, பழைய பென்சில் எழுத்துக்களின் மேலேயே மெதுவாக மையை ஓட்டினார். அதற்குக் கீழே, விதிப்படி வைத்திருக்க வேண்டிய இடத்தில், தன் பெயரை முழுசாக எழுதினார். நீளமான பெயர், கருப்புப் பகுதிக்குள் கொஞ்சம் போய்விட்டது.

"ஏண்ணா?" என்றாள் மங்கம்மா.

அவர் பேனாவின் மூடியைத் திருகினார். முழங்காலில் கையூன்றி, முகத்தைத் தாளுக்கு அருகில் கொண்டுபோய், மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார்.